ஓரத்தில் ஒரு விரல்

"அமுக்காதீங்கன்னு சொல்றேன்ல..."

"அமுக்காம எப்படிக் கழட்டுறது? ஊதியா கழட்டுவாங்க?"

"அமுக்கினா வளையம் கோணும். கோணினா இன்னும்..."

"இறுகும். தெரியும். நேத்தும் இதையேதான் பாடினே."

"நேத்தே பாடினேன்ல? அப்புறம் ஏன் ஒண்ணுமேல ஒண்ணை மாட்டினீங்க?"

"மாட்டச் சொன்னது யாரு?"

"மாட்டத்தான் சொன்னேன். பூட்டுப் போடவா சொன்னேன்?"

"நான் மெதுவாத்தான் திருகினேன்."

"நீங்க மெதுவாத் திருகின ஊறுகாய் பாட்டில் இன்னும் திறக்காம அலமாரியில உக்காந்திருக்கு."

சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நடுவே கிடந்தது அந்தச் சனியன். உள்ளங்கை அகலத்தில் இரண்டு வட்டக் கண்ணாடி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. இரண்டுமே கேமரா லென்ஸின் முகப்பில் மாட்டுகிற ஃபில்டர்கள். ஒன்று கறுப்பு. கேமராவுக்கு வெயில் கண்ணாடி போட்டுவிட்ட மாதிரி, வெளிச்சத்தையெல்லாம் தின்றுவிடும். நேற்றுப் பூங்கா நீரூற்றைப் பட்டுத்துணி போல எடுக்க வேண்டியிருந்ததால் அது வேண்டியிருந்தது. அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பது போலரைசர். இந்த வீட்டில் அதற்குத் திருகுக் கண்ணாடி என்று பெயர். முன்வளையத்தைத் திருகத் திருக, கடைக் கண்ணாடியில் விழுகிற தெருவின் பிம்பம் கரைந்து, உள்ளே இருக்கிற பொருள் பளிச்சென்று வெளியே வரும்.

அதுதான் அவர்கள் பிழைப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் படமெடுப்பது. கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, பீங்கான் சாமான், பேனா. அவள் எடுப்பாள். அவர் கறுப்புத் துணியை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்து, எதிர்ப்பக்கத்து வெளிச்சம் கண்ணாடியில் விழாமல் மறைத்து நிற்பார். அதனால் கடைத்தெருவில் அவள் படக்காரம்மா, அவர் துணிக்காரர். கை கட்டிப்போட்ட மாதிரி நிற்பதாலோ என்னவோ, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. அவரைக் கேள்வி கேட்டுப் பதில் வாங்காமல் போன ஆள் அந்தத் தெருவில் இல்லை.

"கறுப்போடவே எடுத்துக்கோயேன்," என்றார் இப்போது.

"ஆஸ்பத்திரிக்குள்ளயா? அங்க இருக்கிற வெளிச்சத்துக்குக் கறுப்பையும் மாட்டினா, ராத்திரியில காக்கா எடுத்த மாதிரிதான் வரும்."

"அப்ப ரெண்டுமே வேண்டாம். வெறும் லென்ஸ்ல எடு."

"எடுத்தா உங்க மச்சான் மூஞ்சி வரும். அதுதான் ஏற்கெனவே அவன் ஃபோன் பூரா வந்திருக்கே."

"திருகுக் கண்ணாடியை ரொம்ப நம்பாதே தாயே. அது கடிகாரக் கடையில பண்ணின கூத்து மறந்துபோச்சா? 'ஓடாத வாட்சா நான் விக்கிறேன்'னு அந்த மனுஷன் குதிச்ச குதி!"

"அது கிடக்கட்டும், இதைக் கழட்டுற வழியைப் பாருங்க. உங்க விரல் விழாத ஒரு படம் எடுத்திருக்கேனா நான்? அதையாவது சகிச்சுக்கிறேன். இதை..."

ஃபோன் அடித்தது. அவளுடைய தம்பி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கிளம்பிட்டியா?"

"இதோடா, கிளம்பிக்கிட்டே இருக்கோம்."

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும்தான் பிள்ளைங்க வார்டுக் கண்ணாடித் திரையைத் திறப்பாங்க. கொஞ்ச நேரம்தான். அதுக்குள்ள வந்துரு."

"வந்துருவோம். உன் பொண்டாட்டி சாப்பிட்டாளா?"

பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"தட்டை அப்படியே தள்ளி வச்சுட்டா. அக்கா... அவ நம்ப மாட்டேங்குறா."

"எதை?"

"பொண்ணு உசுரோட இருக்கிறதை. பிறந்ததும் தூக்கிட்டு ஓடினாங்கல்ல, இவ ஒரு கண்ணு பாக்கலை. மேல் மாடிக்கு இவளை அனுப்ப மாட்டாங்க, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, பிரஷர் ஏறுது. இன்குபேட்டர் பெட்டியில இருக்கிற பிள்ளையை இவகிட்ட கொண்டுவரவும் மாட்டாங்க. கண்ணாடி வழியா நான் எடுத்துட்டு வந்து காட்டுற படத்துல எல்லாம் நான்தான் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன். 'பொண்ணைக் காட்டுங்கன்னா உங்களைக் காட்டுறீங்களே, எல்லாரும் சேர்ந்து என்கிட்ட எதை மறைக்கிறீங்க'ன்னு கேக்குறா. நான் என்னக்கா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. வாயைத் திறக்காதே. நான் வரேன்."

ஃபோனை வைத்தாள். சண்டை எந்த இடத்தில் நின்றது என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

துணிக்காரர் எழுந்து குளியலறைப் பக்கம் போனார். வரும்போது கையில் ரப்பர் செருப்பு ஒன்று.

"என்னை அடிக்கவா?"

"ஆசைதான். நேரமில்லை." மேசைமேல் செய்தித்தாளை விரித்து, செருப்பைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மேலே தெரிய வைத்தார். "கறுப்போட விளிம்பை இந்த ரப்பர்மேல சமமா வச்சு நான் அழுத்திக்கிறேன். வட்டம் முழுக்க ஒரே பிடி, கோணாது. நீ மேல இருக்கிறதைத் திருகு."

"முன்வளையம் சும்மா சுத்தும். பின்னாடி இருக்கிற ஒல்லி வளையத்தைப் பிடிக்கணும்."

"அதுக்கு ரப்பர் பேண்ட் போடு. நீதான் கறிவேப்பிலைக் கட்டுல வர்றதை எல்லாம் சேர்த்து வச்சிருக்கியே."

போட்டாள். விரல் நுனியால் மட்டும், அமுக்காமல், பூவைத் திருகுவது போலத் திருகினாள். அசையவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். மறுபடி. ஒரு சின்ன நெகிழ்வு கைக்குத் தெரிந்தது, பிறகு வெண்ணெயில் திரும்புகிற மாதிரி கழன்று வந்துவிட்டது.

"பாத்தியா?"

"பாத்தேன். செருப்புக்குத்தான் நன்றி சொல்லணும்."

"செருப்பு யாரோடது?"

ஆஸ்பத்திரி மேல் மாடி நடைபாதையில் நீளமான கண்ணாடிச் சுவர். திரை அப்போதுதான் விலகியிருந்தது. தம்பி கண்ணாடிக்கு நேர் எதிரே, மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்றான். மூன்று நாளாகச் சீப்பு பார்க்காத தலை.

வாசலில் இருந்த நர்ஸ் கையை உயர்த்தினாள். "உள்ள போகக் கூடாது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கண்ணாடியைத் தொடக் கூடாது."

"எதுவும் பண்ண மாட்டோம் சிஸ்டர். எங்க பொண்ணு எது?"

"ரெண்டாவது பெட்டி."

துணிக்காரர் பையிலிருந்து கறுப்புத் துணியை உதறி விரித்தார். நர்ஸின் புருவம் ஏறியது. "என்ன இது? நாடகமா போடப் போறீங்க?"

"இல்ல சிஸ்டர். எங்க வீட்டுல துணி காயப்போட இடமில்லை. இங்க காத்து நல்லா வருதுன்னாங்க."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தம்பி, தள்ளு," என்றாள் படக்காரம்மா. "நேரா நின்னா உன் மூஞ்சிதான் வரும். நேரா நின்னு எடுத்தா திருகுக் கண்ணாடியும் ஒண்ணும் பண்ணாது. பக்கவாட்டுல, சாய்வா நிக்கணும். இங்க வா. நீங்க அந்தப் பக்கம், இன்னும் உயரத் தூக்குங்க. இன்னும்."

"இதுக்கு மேல தூக்கினா நான் மேல போயிருவேன்."

"ஆஸ்பத்திரியில நின்னு பேசுற பேச்சா?"

லென்ஸ் வழியாகப் பார்த்தாள். முதலில் நடைபாதைதான் தெரிந்தது. டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாகக் குறுக்கே ஓடியது. தண்ணீர்க் குழாய், தம்பியின் கட்டம் போட்ட சட்டை, அவன் கவலை, எல்லாம் கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டிருந்தன. கைப்பழக்கத்தில் அப்படியே ஒன்று எடுத்துக்கொண்டாள். பிறகு முன்வளையத்தைத் திருகினாள். டியூப்லைட் மங்கியது. குழாய் போனது. சட்டையில் ஒரு கட்டம் ஒரு கட்டமாக அழிந்தது. ஒரு கட்டத்தில் கண்ணாடியே இல்லை.

அவள் கை நின்றுவிட்டது.

"வருதா?" என்றார் துணிக்காரர், துணிக்குப் பின்னாலிருந்து.

அவள் கண்ணைக் கேமராவில் இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"ஏய், கை கழண்டுரும் போல இருக்கு. வருதா இல்லையா?"

"வந்துட்டா."

"யாரு?"

"நம்ம வீட்டு ஆளு."

உள்ளே இருந்த நர்ஸ் ஒருத்தி இவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, பெட்டியின் சக்கரத்தைக் காலால் விடுவித்து ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தித் தந்தாள். குழந்தையின் முகம் முழுசாகத் தெரிந்தது. தொப்பி நெற்றிவரை இறங்கியிருந்தது. மூக்கில் ஒரு சின்னக் குழாய். யாரோடோ வம்புக்குப் போகிற மாதிரி ஒரு கை முஷ்டி மடித்து மேலே நின்றது. படக்காரம்மா அந்த முஷ்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. எடுத்தாள், எடுத்தாள், திரை மூடும்வரை எடுத்தாள்.

துணிக்காரர் கையை இறக்க முடியாமல் இறக்கினார். "காட்டு."

"ஓரத்துல உங்க விரல் விழுந்திருக்கு."

"வெட்டிடு."

"வெட்டத்தான் போறேன். உங்க விரலை வெட்டியே எனக்கு வயசாயிருச்சு," என்றாள். சொல்லிக்கொண்டே அவர் தோள்பட்டையைப் பிடித்து அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

கீழ் மாடியில் தம்பி மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் பிரஷர் பட்டை, விரலில் கிளிப், தலைமாட்டில் அவளுடைய துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கும் மானிட்டர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சின்ன 'டிக்'.

"வாங்க அண்ணி," என்றாள், திரும்பாமலே. "நீங்களும் ஏதாவது சொல்லித் தேத்த வந்தீங்களா?"

"நான் எதுவும் சொல்ல வரலை. இதைப் பிடி." கேமராவை அவள் மார்பின்மேல் சாய்த்து வைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

தம்பி மனைவி பார்த்தாள். விரலால் திரையைத் தொடப் போனாள், அழிந்துவிடுமோ என்று இழுத்துக்கொண்டாள்.

"இது... இவதானா?"

"கால்ல கட்டியிருக்கிற அட்டையில உன் பேரு இருக்கு, பாரு. பெரிசாக்கிப் பாரு. இதை இப்படிச் சுத்து."

பெரிசாக்கினாள். அட்டை, பாதம், முஷ்டி, தொப்பி. "கோவக்காரியா இருப்பா போலிருக்கே அண்ணி!" கண்ணீர் காதுக்குள் ஓடியது, துடைக்கவில்லை. மூக்கு, குழாய். குழாய் போகிற வழியில் படத்தை நகர்த்திக்கொண்டே போனாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மானிட்டருக்கு வந்ததும் நின்றாள்.

"இது ஏன் கறுப்பா இருக்கு?"

தம்பி குனிந்து பார்த்தான்.

"என் தலைமாட்டுல இருக்கிற அதே மிஷின்தானே இது? இதுல நம்பர் ஓடணுமே. ஏன் அணைஞ்சிருக்கு?"

"கரன்ட் போயிருக்கும்..." என்றான் தம்பி.

"கரன்ட் போனா குழந்தை என்னங்க ஆகும்?"

"இல்லை, அப்படியில்லை. இரு, இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு, காட்டுறேன்." பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தி அக்கா முதலில் எடுத்த படத்துக்குப் போனான். கண்ணாடியில் அவன் முகம், டியூப்லைட், எல்லாவற்றுக்கும் பின்னால் பச்சை எண்களோடு மானிட்டர். "பாரு, எரியுது பாரு!"

"இது முன்னாடி எடுத்ததா?"

"ஆமா, முதல்ல எடுத்தது."

"அப்ப முதல்ல எரிஞ்சிருக்கு." அவள் குரல் தட்டையாகிவிட்டது. "அப்புறம் நின்னுபோச்சு."

தலைமாட்டில் 'டிக்' 'டிக்' என்பது ஓட ஆரம்பித்தது.

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்ல உன்னை!" என்று தம்பியை அதட்டினாள் படக்காரம்மா. "அம்மாடி, இங்க பாரு. அது நிக்கலை. என்னோட ஃபில்டர் பண்ணினது. அது ஒரு வகை வெளிச்சத்தை..."

"நீங்களும்தானா அண்ணி?"

அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் அவள் அறிந்த வெளிச்ச சாஸ்திரம் எல்லாம் செல்லாக் காசாயிற்று. என்ன சொன்னாலும் அது ஆறுதல். ஆறுதல் சொல்கிறவர்கள் எல்லாரும் மறைக்கிறவர்கள்.

"கடிகாரக் கடை!" என்றார் துணிக்காரர்.

"என்னங்க?"

"டிஜிட்டல் வாட்ச் எல்லாம் படத்துல செத்துக் கிடந்துச்சே! அந்த மனுஷன் நம்பலையே, எப்படி நம்பவச்சே? சொல்லியா நம்பவச்சே?"

இல்லை. சொல்லி நம்ப வைக்கவில்லை. கண்ணாடியைக் கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

லென்ஸிலிருந்து திருகுக் கண்ணாடியைக் கழற்றினாள். இந்த முறை ஒரே திருகில் வந்தது. தம்பி மனைவியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"என்னை நம்பாதே. இவனை நம்பவே நம்பாதே. இதை ஒரு கண்ணுல வச்சு உன் மிஷினைப் பாரு. இந்தப் பக்கம் உன் கண்ணுக்கு. ம். இப்ப முன்னாடி இருக்கிற வளையத்தை மெதுவாத் திருப்பு."

அவள் கிளிப் மாட்டிய கையால் தடுமாறிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்பினாள்.

"மங்குது."

"திருப்பு."

"இன்னும்... அண்ணி, போச்சு. என் நம்பர் போச்சு!"

"சத்தம்?"

'டிக்' 'டிக்' 'டிக்'.

"சத்தம் வருது."

"நீ இருக்கியா?"

கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். எண்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி வைத்தாள். கறுப்பு. எடுத்தாள். பச்சை.

"இருக்கேன்," என்றாள்.

"அவளும் அப்படித்தான்."

தலைமாட்டில் அந்த 'டிக்' தணிந்துகொண்டே வந்தது. முதலில் ஓட்டம், பிறகு நடை, பிறகு சாவகாசம். தம்பி மனைவி வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். "செத்துட்டேன். பொழச்சுட்டேன். செத்துட்டேன். பொழச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அப்படியே கண்ணாடியைப் புருஷன் பக்கம் திருப்பி, முழுச் சுற்றுச் சுற்றினாள். "இவர் மட்டும் மறையவே மாட்டேங்குறாரே அண்ணி!"

"அதுக்கு இன்னும் ஃபில்டர் கண்டுபிடிக்கலை," என்றார் துணிக்காரர். "கண்டுபிடிச்சா உங்க அண்ணி முதல் ஆளா வாங்கியிருப்பா."

தம்பி தட்டைக் கொண்டுவந்தான். ஆறிப்போன சோறு. அவள் அதைச் சூடு என்றும் ஆறியது என்றும் பாராமல் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே படத்தைப் பார்த்தாள். பார்க்க வந்த வார்டு நர்ஸிடம் "என் பொண்ணு" என்று காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரிக்குக் காட்டச் சொல்லித் தம்பியை அனுப்பினாள். தரை துடைக்க வந்த அம்மாளுக்கும் காட்டினாள். மேல் மாடியில் பெட்டியை நகர்த்தித் தந்த நர்ஸைப் பற்றிப் படக்காரம்மா சொன்னதும், "அவங்க கையை ஒரு தடவை பிடிச்சிக்கணும் அண்ணி, எழுந்ததும் முதல்ல அதுதான்" என்றாள்.

பிறகு படக்காரம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டுப் பேசிக்கொண்டதில்லை. படக்காரம்மாவும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு ஒண்ணு பெரிசாப் போட்டுத் தரேன்," என்றாள். "இந்த முஷ்டி இருக்கிறதை. மிஷினை வேணும்னா படத்துல வராம விட்டுடறேன். ஓரத்துல இவர் விரல் ஒண்ணு கிடக்கு பாரு, கறுப்பா, கொழுக்கட்டை மாதிரி. அதையும் வெட்டிடறேன்."

"எது?"

"இதோ. துணியைப் பிடிச்சிருக்கிற விரல்."

தம்பி மனைவி படத்தைப் பெரிசாக்கினாள். கறுப்புத் துணியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்து, நகம் வெளுத்துப்போன ஒரு கட்டைவிரல். அதற்கு நேர் கீழே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சின்ன முஷ்டி. அந்த விரலைத்தான் பிடிக்க எழுந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு நேரம் அண்ணா கையைத் தூக்கிட்டே நின்னீங்க?"

"அது கிடக்கு. எனக்குப் பழக்கம்தானே? துணி காயப்போட்டேன்." கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"இதை வெட்ட வேண்டாம் அண்ணி, அப்படியே இருக்கட்டும். நாளைக்கு இவ வளர்ந்து, 'என் முதல் படத்துல என் பக்கத்துல இருக்கிறது யாரும்மா'ன்னு கேப்பா. நான் என்னன்னு சொல்லட்டும் அண்ணா?"